முஸ்லிம்களின் கேள்வி

ஞானத்துக்கு விலை கிடையாது என்பவர்கள் லூனாஸுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அங்கே அதற்குத் திட்டமாக விலை வைத்திருந்தார்கள்: சாய்வு நாற்காலி ஐம்பது காசு, பெஞ்சு இருபது காசு. நின்றுகொண்டு ஞானம் பெறுவோருக்கு இலவசம்.

ரப்பர் விலை தரைதட்டிக் கிடந்த அந்த வருஷம், கடல் கடந்த ஒரு சர்வகலாசாலை கெடா மாநிலத்தின் மீது இரக்கம் கொண்டது. அரிசியை எவனும் அனுப்புவான். சர்வகலாசாலை ஒரு பேராசிரியரை அனுப்பியது. உலக விவகாரங்களையும் முஸ்லிம் சமுதாயங்களையும் கரைத்துக் குடித்தவர். அலோர் ஸ்டாரில் ஒரு பிரசங்கம், லூனாஸில் ஒரு பிரசங்கம், அப்புறம் கப்பல்.

நோட்டீசைத் தமிழாக்கும் பாக்கியம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி கிளாரன்ஸுக்குக் கிடைத்தது. கிளாரன்ஸ் நேர்மையானவர்; மொழிபெயர்ப்பில் தம் சொந்தச் சரக்கு எதையும் கலக்கமாட்டார். ஆங்கிலத்தில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் நிறுத்துப் போட்டார்: "உலக விவகாரங்களும் முஸ்லிம்களின் கேள்வியும்."

சாப்பாட்டுக்கடை காஜா மைதீன் நோட்டீசை இரண்டு தரம் படித்தார். உலக விவகாரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அது மண்ணெண்ணெய் விலையில் தானாக வந்து சேரும். ஆனால் கேள்வி? லூனாஸ் முஸ்லிம்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கைவசம் இருந்தது.

"கரீமா! நம்ம கேள்விய கேட்க ஆள் வர்றாங்களாம்!"

மாவு பிசைந்த கையோடு மனைவி எட்டிப் பார்த்தாள். "எந்தக் கேள்விய?"

"மையவாடி கேள்விதான், வேற எது?"

"பக்கத்துல நின்னு கத்தினப்பவே யார் காதுலயும் விழல. இதுக்குக் கப்பல் ஏறி வேற வர்றாங்களாக்கும்."

லூனாஸ் பெரிய மனசுள்ள ஊர். முஸ்லிம்கள் குடியிருக்க இடம் உண்டு, கடை போட இடம் உண்டு. செத்தால் அடக்கம் செய்யத்தான் இடம் இல்லை. மையவாடி ஆற்றுக்கு அக்கரையில், மலாய்க் கிராமமான கம்போங்கின் மசூதிக்குப் பின்னால் இருந்தது. மழை பிடித்தால் மரப்பாலம் தண்ணீருக்குள் போய்விடும்; வெள்ளம் வடியும்வரை மையத்து இக்கரையில் காத்திருக்கும். இக்கரையில் ஒரு துண்டு நிலம் கேட்டு மேலே ஓர் ஆபீசுக்கு மனுப் போட்டிருந்தார்கள். "கவனத்தில் உள்ளது" என்று பதில் வந்தது. நாலு வருஷமாக மனு அந்தக் கவனத்திலேயே சௌகரியமாகத் தங்கியிருந்தது.

அவசரமோ கடையின் பின்கட்டில், கயிற்றுக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தது. பேர் அபூபக்கர். கடை திறந்த நாள் முதல் அதன் அடுப்பைப் பார்த்தவர். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து, மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து எதுவும் தராமல் தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"மொதலாளி, மழை எப்ப விடுமாம்? வேணும்னா அதுவரைக்கும் நான் பொறுத்துக்கிறேன்."

"நீ ஏன்யா பொறுக்கணும்? அந்த ஆபீஸ் துரையே முன்வரிசைல உக்காரப் போறாரு. எந்திரிச்சு நேராக் கேட்டுடுறேன். சபையில வச்சுக் கேட்டா இல்லேன்னு சொல்ல முடியாதுலா."

"அப்ப நானும் வர்றேன். சாம்பிள் காட்டாம எந்தச் சரக்கு விலை போயிருக்கு?"

காஜா மைதீன் தலையாட்டினார். வியாபாரத்தில் அது நியாயமான பேச்சு. கரீமா திட்டத் திட்ட, கம்பளியில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, பள்ளிக்கூடக் கொட்டகையில் ஐம்பது காசு நாற்காலியிலேயே அபூபக்கரைச் சாய்த்தார்.

பேராசிரியர் முழங்கினார், கிளாரன்ஸ் தமிழில் எதிரொலித்தார். துருக்கியில் புறப்பட்ட பிரசங்கம் எகிப்தில் வெகுநேரம் தங்கியது. துருக்கி முழுக்க அபூபக்கர் இருமினார். எகிப்தில் இருமல் தணிந்தது. பாரசீகம் வந்தபோது அடியோடு நின்றுவிட்டது. 'ஞானம் நெஞ்சுச் சளியைக்கூட இறக்கும் போலிருக்கே' என்று காஜா மைதீன் நெகிழ்ந்தார். டிரஸ்ஸரால் ஆகாத காரியம்!

"கிழக்கத்திய முஸ்லிம் இயல்பிலேயே பொறுமைசாலி," என்று முடித்தார் பேராசிரியர். "அவனுக்குக் காலம் ஒரு பொருட்டே அல்ல." ஆபீஸ் துரை பலமாகக் கைதட்டினார். அவருடைய அனுபவமும் அதுவே.

காஜா மைதீன் எழுந்தார். "துரை, எங்க கேள்வி என்னன்னா..."

"உட்காருங்க பாய்," என்றார் கிளாரன்ஸ். "கேள்விக்கெல்லாம் நேரமில்ல."

"நேரமில்லையா? முஸ்லிம்களின் கேள்வின்னு நோட்டீசுல நீங்கதானே போட்டீங்க, கிராணியாரே?"

"அது நீங்க கேட்கிற கேள்வி இல்ல, பாய்." கிளாரன்ஸ் குரலைத் தணித்தார். "நீங்கதான் கேள்வி."

"நானா?"

"நீங்க எல்லாருமே."

"அப்ப பதிலு?"

"ஆராய்ச்சியில இருக்கு."

"சரி, நான் கேள்வியாவே இருந்துட்டுப் போறேன். இந்த மனுசனையாவது ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்க!" காஜா மைதீன் சாய்வு நாற்காலியைக் கைகாட்டினார்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "கவனியுங்கள்! கொட்டகையில் இவர் ஒருவர்தான் நெளியாமல் கேட்டிருக்கிறார். நான் சொன்ன பொறுமைக்கு உயிருள்ள சான்று!"

கிளாரன்ஸ் அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. காஜா மைதீன் குனிந்து அபூபக்கரின் கையைத் தொட்டார். ஆறிப்போன தோசைக்கல்போல் இருந்தது.

"இன்னாலில்லாஹி," என்று மவுத்துக்குச் சொல்லும் வாசகத்தைச் சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் பேராசிரியர்.

கிளாரன்ஸுக்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தச் சரக்கு தேவைப்பட்டது. "தங்களுக்கு நன்றி சொல்கிறார்," என்றார்.

பேராசிரியர் மறுநாளே கப்பலேறினார். அபூபக்கர்தான் பாலம் தண்ணீரை விட்டு வெளியே வரும்வரை, கடைக்குள் மேசைகளை ஒதுக்கிய இடத்தில் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காஜா மைதீன் வியாபாரி. எந்தக் கொடுக்கல் வாங்கலையும் நேர் செய்யாமல் அவரால் எழுந்திருக்க முடியாது. விரலை மடக்கினார்.

வரவு: துருக்கி, எகிப்து, பாரசீகம், ஒரு கைதட்டல். செலவு: சாய்வு நாற்காலி ஒன்று, அபூபக்கர் ஒருவர். துரைமார் தரவேண்டிய பாக்கி: ஆறடி மண்.

கவனத்தில் உள்ளது.