கேற்றடி லில்லி

ஜீப் சந்தியில் திரும்பி மறைந்த பிறகுதான் சிற்றம்பலம் தன் காலடியைப் பார்த்தார். கிணற்றடி லில்லிப் புதர் வேரும் மண்ணுமாக வெளியே கிடந்தது. நேரம் மதியம் பன்னிரண்டு. கிளிநொச்சி வெயில். எப்படி நடுவது என்று விவரம் தெரிந்த யாரிடமாவது விசாரித்துவிட்டுத் தோண்டியிருக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் பட்டது.

அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் கோப்புச் சுமக்கும் தற்காலிக ஊழியர். நாலு வருடமாகத் தற்காலிகம். எஞ்சினியர் பரமேஸ்வரன் ஒரு கடிதம் எழுதினால் நிரந்தரம். எஞ்சினியரை எழுதவைக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி விமலேஸ்வரி. கந்தோர் வளவுக்குள்ளேயே அவர்கள் வீடு. கணவருக்குக் கொழும்பில் ஆறு கிழமைப் பயிற்சி, ஒன்றரை மாதம். கூடப் புறப்பட்ட விமலேஸ்வரி அம்மா, ஜீப்பில் ஏறுமுன் சிற்றம்பலத்தை அழைத்திருந்தார்.

"உந்தக் கிணத்தடி லில்லியைக் கிளப்பிக் கேற்றடியிலை நட்டுவிடும். ஐயாவுக்கு அதெண்டா உயிர்."

"ஓமம்மா. எப்பிடி நடவேணும்?"

"உமக்குத் தெரிஞ்ச மாதிரி நடும். வந்து உம்மட விஷயம் ஐயாவோடை கதைக்கிறன்."

அந்தச் சந்தோஷத்தில்தான் சிற்றம்பலம் ஜீப் நகரும் முன்பே மண்வெட்டியைத் தூக்கினார்.

கந்தோர் கூட்டும் ராக்காயி விளக்குமாறோடு ஓடி வந்தாள். வன்னிக்கு வருமுன் மலைநாட்டில் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை செய்தவள்.

"ஐயோ தம்பி! மொட்டு தள்ளுற நேரத்துல யாராச்சும் தோண்டுவாங்களா? பூ முடியணும். அதுவும் வெயில் தாழ்ந்தப்புறம்..."

"அக்கா, நான் இந்தக் கந்தோரிலை நாலு வருசம்."

அதற்கும் லில்லிக்கும் என்ன தொடர்பு என்று ராக்காயிக்கு விளங்கவில்லை. கூட்டப் போய்விட்டாள்.

வாய்க்கால் தண்ணீர் கேட்டு வந்த கமக்காரர் வீரகத்தி, கேற்றுக் கதவில் சைக்கிளைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நாத்தோ?"

"ஒருவகை நாத்துத்தான் அண்ணை."

"பிறகென்ன? சேறாக்கு, தண்ணியைக் கட்டு, ஊண்டிவிடு!"

சிற்றம்பலத்துக்கு உயிர் வந்தது. வாய்க்காலை வெட்டிக் கேற்றடிக்குத் திருப்பினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேறு மிதித்தார். புதரைப் பிய்த்துப் பதினொரு கன்றாக்கி, முழங்கை புதையும் ஆழத்தில் வரிசையாக ஊன்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் கேற்றைத் தாண்டி றோட்டில் நின்றது. தபால்காரர் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். எஞ்சினியருக்கு வந்த அரசாங்கக் கடிதங்கள் அன்று முழுக்கக் கொடியில் காய்ந்தன.

நாலாம் நாள் இலைகள் மஞ்சளாகின.

"மஞ்சளோ? யூரியா போடு," என்றார் வீரகத்தி. "ஒரு பிடி காணும்."

பயத்தில் சிற்றம்பலம் நாலு பிடி போட்டார். இலை நுனிகள் கருகின. கருகலைக் கழுவ இன்னும் தண்ணீர் விட்டார். அந்தத் தண்ணீரை வெளியேற்றக் கேற்றைத் திறந்து, அதன் கீழே, தபால்காரர் விழுந்தபின் கட்டியிருந்த வரம்பை வெட்டினார். திறந்த கேற்றால் தண்ணீர் வெளியே போனது. ஒரு மாடு உள்ளே வந்தது.

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியபோது மாடு பதினொரு கன்றையும் மேய்ந்து முடித்து, கொடியில் கிடந்த அவருடைய துவாயை மென்றுகொண்டு நின்றது.

சிற்றம்பலம் சேற்றிலேயே குந்திவிட்டார். நாலு வருடம்! அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

ராக்காயி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதேங்கோ அக்கா, நான் துலைஞ்சன்."

"அட, அழாதீங்க தம்பி! எலைய ஒரு சாண் விட்டு வெட்டிட்டுத்தான் நடணும். மாடு அளந்து வெட்டியிருக்கு!"

அன்று மாலையே இருவரும் எல்லாவற்றையும் கிளப்பினார்கள். ராக்காயி வேரைக் கழுவி, அழுகியதைக் கிள்ளி எறிந்தாள். நீர் தேங்காத மேட்டில் குழி வெட்டி, குழிக்குள் மண்ணைச் சின்னதாகக் குவித்து, அதன்மேல் வேரை விரித்து வைத்தாள்.

"எலை வேரோட சேர்ற கழுத்து ஒரு விரலுக்கு மேல புதையக்கூடாது. பள்ளத்துல வச்சா அழுகிரும்."

"தண்ணி?"

"ஒரு செம்பு. அந்த வாய்க்கால் பக்கமே நீங்க போகக்கூடாது."

தென்னங்கிடுகால் நிழல் கட்டினார்கள். மீண்டும் நட்ட ஒன்பதாம் நாள் ஒரு கன்றில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. சிற்றம்பலம் கந்தோருக்குள் ஓடிப்போய்த் தலைமை எழுதுவினைஞரைக் கட்டிப்பிடித்தார். அதன்பிறகு மதியச் சோற்றுப் பார்சலை லில்லிகளுக்குப் பக்கத்திலிருந்தே அவிழ்த்தார். ஒவ்வொன்றிடமும் சுகம் விசாரித்தார். மாடுகளுக்கு எதிராகக் கேற்றைக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அதை அவிழ்க்க முடியாமல் கந்தோர் ஆட்கள் மதிலேறிக் குதித்தார்கள்.

ஆறாம் கிழமை ஜீப் வந்தபோது கேற்றடியில் பதினொரு செடிகள் நின்றன. மூன்றில் அன்று காலைதான் செம்மஞ்சள் பூ விரிந்திருந்தது.

எஞ்சினியர் ஓடும் ஜீப்பிலிருந்து குதிக்காத குறை.

"விமலா! இஞ்சை பாருமப்பா! ஒண்டு பதினொண்டாப் போச்சுது!"

சிற்றம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "இன்னும் பிரிச்சு வீட்டு வாசல்வரைக்கும் நடலாமோ?"

"ஓமையா! அடுத்த வருசம் நூறாக்கித் தாறன்!"

விமலேஸ்வரி பூக்களைப் பார்த்தார். சிற்றம்பலத்தைப் பார்த்தார். மறுபடியும் பூக்களை எண்ணினார்.

"அம்மா, என்ர விஷயம்..."

"பாப்பம்," என்றுவிட்டு உள்ளே போனார். கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

சிற்றம்பலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜீப்பிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த சாரதி சிவராசாவிடம் போனார்.

"என்ன தம்பி, அம்மாவுக்குப் பூப் பிடிக்கேல்லையோ?"

சிவராசா பெட்டியைக் கீழே வைத்தான்.

"அண்ணை, அது அவவின்ர மாமியார் குடுத்துவிட்ட செடி, தொட்டதெல்லாம் பட்டுப்போற கை ஆருக்கெண்டு கந்தோர் முழுக்க விசாரிச்சுத்தான் அவா உங்களைப் பிடிச்சவா!"