சிலேட்டுச் சுவாமிகளின் எண்பது சதவீதம்

1973-ஆம் ஆண்டு தை மாதம் சரஸ்வதி தேவி மயிலாப்பூரில் வீடு மாறினாள். அதுவரை பள்ளிக்கூடங்களில் ஒண்டிக்கொண்டிருந்தவள், கச்சேரி ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த மாடி ஹாலுக்குக் குடிவந்துவிட்டாள். அப்படித்தான் சுவரொட்டி சொன்னது.

"சிலேட்டுச் சுவாமிகள் விஜயம்! எஸ்.எஸ்.எல்.சி. முடிவு இப்போதே! சென்ற ஆண்டு நூற்றுக்கு எண்பது பலிதம்!"

மீதி இருபதைப் பற்றி எழுதச் சுவரொட்டியில் இடம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை மாடிப்படியில் தொடங்கி, தெருவில் இறங்கி, அடுத்த வெற்றிலைக் கடை வரை நீண்டது. ஆடிட்டர் வீட்டு மாமிகள் வந்தார்கள். பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் டாக்ஸியில் வந்தன. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு கணக்கு வாத்தியார்கூடத் தம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லிக் கொடுத்த கணக்கில் அவருக்கே நம்பிக்கை இல்லை போலும். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. படிக்க வேண்டிய பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் பத்திரமாக நின்றார்கள்.

உள்ளே நடப்பது எளிமையான காரியம். சீடர் மாணிக்கவாசகம் வாசலில் உட்கார்ந்து ஒரு சீட்டை நீட்டுவார். அதில் பெயர், நட்சத்திரம், தகப்பனார் தொழில், தெரு ஆகிய நான்கையும் எழுதித் தட்சிணையோடு தர வேண்டும். பிள்ளை வாய் திறக்கக் கூடாது. பேசினால் தேவி கோபித்துக்கொள்வாளாம். சீடர் சீட்டைப் பார்ப்பார், பிள்ளையின் உடுப்பைப் பார்ப்பார், திரைக்குள் கைவிட்டு ஒரு வெற்றுச் சிலேட்டை எடுத்துச் சீட்டோடு சுவாமிகளிடம் கொடுப்பார். சுவாமிகள் கண்ணை மூடி விபூதியை அள்ளிச் சிலேட்டில் தேய்ப்பார். கறுப்புச் சிலேட்டில் வெள்ளை எழுத்து மலரும். "ஜெயம்" அல்லது "தடை". கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஜெயம் என்றால் வீட்டுக்குப் போகலாம். தடை என்றால் இந்த ஆண்டு பரீட்சைக்கே போகக் கூடாது. பதினோரு ஞாயிறு பரிகாரம், ஞாயிறுதோறும் தட்சிணை, அடுத்த ஆண்டு மறுபடியும் சிலேட்டு.

ஜெயபாரதிக்குத் தடை வந்தது.

அவள் அந்த வட்டாரத்தில் ஒரு கார்ப்பரேஷன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு 'டி' பிரிவு. அந்தப் பள்ளியில் பிரிவு எப்படிப் பிரிப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண் சேர வரும் அன்று ரேஷன் கார்டைப் பார்ப்பார்கள். மாட வீதி என்றால் 'ஏ'. கடைக்காரர் வீடு என்றால் 'பி'. தர்கா பக்கத்துச் சந்துகள் 'சி'. கடற்கரைக் குப்பம் 'டி'. மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. வராந்தாவில் ஒரு கரும்பலகை தொங்கியது. 'ஏ' பிரிவு தேர்ச்சி எண்பத்திரண்டு சதவீதம். 'டி' பிரிவு பத்தொன்பது. 'டி' பிரிவுக்கு ஆகஸ்ட் மாதத்திலிருந்து கணக்கு டீச்சர் இல்லை என்பது மட்டும் பலகையில் இல்லை. டீச்சரே இல்லாமல் ஜெயபாரதி அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தாள். அதுவும் பலகையில் இல்லை.

அவளுடைய அப்பா கட்டுமரக்காரர். வீட்டு முடிவெல்லாம் அம்மா புஷ்பத்தினுடையது. பரீட்சை விண்ணப்பத்தில் பெற்றோர் கைநாட்டு வைத்து அடுத்த வாரம் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். புஷ்பம் கட்டைவிரலைத் தர மறுத்தாள்.

"பக்கத்து ஊட்டுப் பொண்ணு மூணு தபா ஃபெயிலாயி மூலைல குந்திக்கினு அழுவறத நான் பாத்துக்கினுதானே கீறேன். சாமியே வாணாம்னு சொல்லிட்ச்சு. செவ்வாக்கெழமலேர்ந்து சைதாப்பேட்ட மார்க்கெட்டுக்கு என்னோட கூட வா. தலைக்குக் கூடை ரெடியா கீது."

ஜெயபாரதி அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் 'சி' பிரிவுத் தோழி அன்வரி பேகத்திடம் சொன்னாள். அன்வரியின் தகப்பனார் அப்துல் வஹீத் தையற்கடை வைத்திருந்தார். அன்வரியும் அந்தச் சிலேட்டைப் பார்த்தவள்தான், அவளுக்கும் தடை. ஆனால் அவள் பரிகாரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. எழுத்து எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

தையற்கடையில் கறுப்புக் கோட்டுத் துணியில் அளவுக் கோடு போடத் தேய்ந்துபோன சோப்புத் துண்டைத்தான் எடுப்பார்கள். கோடு லேசாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பொடி பட்டால் அதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

"சரி, சோப்புல முன்னாடியே எழுதி வெச்சிருக்கான்," என்றாள் ஜெயபாரதி. "ஆனா யாருக்கு எந்தச் சிலேட்டுன்னு எப்டி தெரியுது? நூத்துக்கு எம்பது சரியா வந்துகீதே."

அன்வரி ஒன்று கவனித்திருந்தாள். மாட வீதிப் பிள்ளைகளுக்குச் சீடரின் கை திரையின் வலப்பக்கம் போனது. இவர்களுக்கு இடப்பக்கம்.

ஜெயபாரதி வராந்தாவுக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் போட்ட கணக்கு இது: 'ஏ' பிரிவில் நூறு பேருக்கு எண்பத்திரண்டு பேர் பாஸ். 'டி' பிரிவில் எழுதியவர்களில் எண்பத்தொரு பேர் ஃபெயில், எழுதாதவர்கள் பாஸாவதே இல்லை. அங்கே எல்லோருக்கும் ஜெயம், இங்கே எல்லோருக்கும் தடை என்று தூக்கத்தில் உளறினாலும் நூற்றுக்கு எண்பது பலித்துவிடும். சரஸ்வதி தேவி சிரமப்பட வேண்டியதே இல்லை.

கணக்கு சரி. ஆனால் கணக்கைக் காட்டினால் புஷ்பம் நம்பமாட்டாள். கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. 'ஏ' பிரிவு மீனாட்சி, ஆடிட்டர் சுவாமிநாதனின் மகள், தெற்கு மாட வீதி. அரையாண்டில் கணக்கில் பதினெட்டு. சுவாமிகளிடம் ஜெயம். அன்றிலிருந்து அவள் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. எதற்காகத் தொட வேண்டும்? விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் குஷியாகிவிட்டது. தன் பச்சைப் பட்டுப் பாவாடையைக் கொண்டுவந்தாள். இடுப்பில் அன்வரி நாலு தையல் போட்டுப் பிடித்தாள்.

அடுத்த ஞாயிறு. முதல் பரிகாரத்துக்குப் புஷ்பம் வெற்றிலை பாக்கோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மகள் வந்தாள். பச்சைப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் சாந்து. புஷ்பம் வாயைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்வரி அவள் கையை அழுத்தி, கொஞ்சம் பொறுங்கள், பாருங்கள் என்று கெஞ்சினாள்.

சீட்டில் இருந்தது: லலிதா, சுவாதி நட்சத்திரம், தகப்பனார் ஆடிட்டர், தெற்கு மாட வீதி. மாணிக்கவாசகத்தின் கை வலப்பக்கம் போனது. விபூதி பறந்தது.

"ஜெயம்," என்றார் சுவாமிகள். "தேவி இந்தக் குழந்தையின் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறந்த நேரம் அப்படி. சுவாதி நட்சத்திரமல்லவா."

அடுத்தவள் மீனாட்சி. ஜெயபாரதியின் வெளுத்த தாவணி, எண்ணெய் வழியும் தலை. சீட்டில் கட்டுமரம், நொச்சிக்குப்பம். கை இடப்பக்கம் போனது. தடை. பதினோரு ஞாயிறு.

அன்வரி எழுந்தாள். "சாமி, ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பட்டுப் பாவாடைப் பொண்ண நீங்க இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களா?"

சுவாமிகள் கனிவோடு சிரித்தார். "இல்லை குழந்தாய். இன்றுதான் முதல் தரிசனம்."

அது பொய்யில்லை. அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

புஷ்பத்தின் கையிலிருந்த வெற்றிலைத் தட்டு தரையில் உட்கார்ந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"இன்னா சாமி, எம் பொண்ணத் தெர்லியா? போன ஞாயித்துக்கெழம இங்கதானே குந்திச்சு. அதே சுவாதிதான். தடைன்னு சொன்னியே."

சுவாமிகளின் ஞானம் வேகமாக வேலை செய்தது. அதுதான் பரிகாரத்தின் மகிமை, ஒரே வாரத்தில் கிரகம் விலகிவிட்டது பார் என்றார்.

"பரிகாரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே சாமி. வெத்தல இப்பத்தான் கொணாந்து கீறேன்."

முதலில் சிரித்தவர், மகனின் பரிகாரத்துக்கு வந்திருந்த அந்தக் கணக்கு வாத்தியார். மௌன விரதத்தை முறித்துக்கொண்டு மீனாட்சி வாய் திறந்தாள்.

"மாமா, போன வாரம் நேக்கு ஜெயம்னு சொன்னேள். இன்னிக்குத் தடைங்கறேள். நட்சத்திரத்த நான் மாத்தவே இல்ல. தாவணியத்தான் மாத்திண்டு வந்தேன்."

அன்வரி மேடைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரைத் தடைச் சிலேட்டில் ஊற்றித் தேய்த்தாள். தேவியின் திருவெழுத்து நுரைத்தது. குறைந்த விலைச் சோப்பு, வாசனைகூட இல்லை. யாரோ திரையை இழுத்தார்கள். வலப்பக்கம் ஓர் அடுக்கு, இடப்பக்கம் ஓர் அடுக்கு. நடுவே, அந்த வராந்தாப் பலகையைப் பார்த்து மாணிக்கவாசகம் எழுதி வைத்திருந்த காகிதம்: எந்தப் பிரிவு, எந்தத் தெரு, எத்தனை சதவீதம். வேதம், உபநிடதம் எல்லாம் அதுதான்.

சுவாமிகள் தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பின்படி வழியாகப் பாத்திரக் கடைக்குள் இறங்கினார். கீழே குடங்கள் உருண்ட சத்தம் கேட்டது. மேலே ஒரு ஜவுளிக் கடை முதலாளி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இருந்தாலும் நம்ம பயலுக்குச் சொன்னது நெசமா இருக்கலாம்லா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் கரையாது. அது சோப்பு இல்லையே.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்தது.

புஷ்பம் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்து, மகளோடு தலைமையாசிரியை பங்கஜம் அம்மாளின் அறைக்குப் போனாள். பங்கஜம் அம்மாள் நல்லவர். மூடநம்பிக்கையே இல்லாதவர். சுவாமிகளின் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விண்ணப்பத்தின் மூலையில் இருந்த 'டி'யைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அவசரம் என்ன, ஒரு வருடம் பொறுத்து எழுதட்டுமே என்றார். பள்ளிக்கூடத்துக்குச் சதவீதம் என்று ஒன்று இருக்கிறதே. 'டி' பிரிவுப் பெண்கள் எப்படி எழுதுவார்கள் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஜெயபாரதியின் மதிப்பெண் பட்டியல் மேஜை மேலேயே கிடந்தது. அவர் அதைப் புரட்டவில்லை.

புஷ்பம் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தச் சாமியாருக்கு ஒரு சிலேட்டாவது தேவப்பட்டுச்சு டீச்சரம்மா. உங்களுக்கு அதுகூட வாணாம் போல கீதே."

பங்கஜம் அம்மாள் பட்டியலை எடுத்துப் புரட்டினார். தொண்ணூற்றொன்றில் அவர் விரல் நின்றது. முதல் தடவையாக நிமிர்ந்து ஜெயபாரதியின் முகத்தைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். அந்த ஆண்டு 'டி' பிரிவிலிருந்து பரீட்சைக்குப் போன முதல் விண்ணப்பம் அது.

ஜெயபாரதி தேறுவாளா என்று கேட்கிறீர்களா? எனக்கு எப்படித் தெரியும், நான் சாமியாரா? மார்ச் மாதம் எழுதட்டும், தெரிந்துவிடும். அதற்குள் உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல யாராவது வந்தால், அவர் காவி கட்டியிருந்தாலும் சரி, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, தட்சிணையை எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "ஐயா, நீங்கள் பார்த்தது என் பிள்ளையையா, என் தெருவையா?"