உங்கள் மனைவியை உடனே அழைத்துக்கொள்ளவும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; கை வரவில்லை. நீங்கள் உடனே கிளம்பி வந்து உங்கள் மனைவியை அழைத்துப் போக வேண்டும். என் மகள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டவர் நீங்கள்தானே!

நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் காதைப் பிடித்தாள். "அப்பா, இது என்ன புண்ணு?" தொப்பி உரசியது என்றேன். "நீங்க என்னைக்குத் தொப்பி போட்டீங்க?" கொசு என்றேன். "மாசக்கணக்கா ஆறாத கொசுக்கடியா?" என்று அவள் அம்மாவைப் பார்க்க, உங்கள் அத்தை, "நான் சொன்னா எங்க கேக்குறாரு?" என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. திறந்தவெளிக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். எனக்கு வெயில் பழகிப்போச்சும்மா என்றால், "உங்களுக்குப் பழகிடுச்சு, உங்க தோலுக்குப் பழகலையே" என்கிறாள். முகம், கழுத்து, காது மடல் எல்லாம் சன்ஸ்கிரீன். தண்ணீரில் இறங்கி ஏறினால் மறுபடி பூச வேண்டுமாம். டியூபோடு குளக்கரைக்கே வந்து நிற்கிறாள். வழவழப்பில் விசில் வாயில் நிற்பதில்லை. தலையில் குடை மாதிரி ஒரு தொப்பி வேறு. நேற்று அது காற்றில் பறந்து ஆழமான பக்கம் மிதக்க, யாரோ ஓர் அம்மா "ஐயோ, ஆளு முழுகுது!" என்று அலற, நான் யோசிக்காமல் குதித்து, நீந்தி, பிடித்துக் கரைசேர்த்துப் பார்த்தால் என் தொப்பி! கை தட்டினார்கள் மாப்பிள்ளை. மேலாளர் மட்டும், "மாஸ்டர், செயற்கை மூச்சு குடுக்கலையா?" என்று கேட்டார்.

அதோடு விட்டாளா? தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் காதில் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று உங்கள் அத்தை சொல்லித்தான் தெரிகிறது. இவள் வராமலிருந்தால் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாக இருந்திருப்பேன் அல்லவா? அவளும் சரியில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. புண் காது மடலில்தானே, உள்ளே இல்லையே. என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. ஆகவே வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் உங்கள் பெற்றோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டரிடமிருந்து போன். புற்றுநோய்தானாம். ஆனால் ஆரம்பம், மடலில் கொஞ்சம் வெட்டி எடுத்தால் முழுதாகப் போய்விடுமாம். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கதையே வேற" என்றார். மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுத எனக்குத் தெம்பில்லை. படித்ததை மறந்துவிடுங்கள். தையல் பிரிக்கிறவரை அவளைக் கூப்பிட்டீர்களோ, நான் பொல்லாதவன். உங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று கேள்வி. கற்றுக்கொள்ளுங்கள்.