ஒன்பது கொக்கிகள்

இந்த வருஷமும் ஒரு கேள்விகூட வரவில்லையென்றால் தூரிகைகளையெல்லாம் கோழிக்கூண்டில் போட்டுவிடுவது என்று எசென்குல் முடிவு கட்டிவிட்டார். நாரின் என்ற மலையூரின் கலைக்கூடத்தில் முதல் பனி விழுந்ததும் கலைஞர்கள் கூடித் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள், ஊர் கேள்வி கேட்கும். அவர் மனைவி புருல்சா ஆட்டுரோமத்தை மிதித்து மிதித்துச் செய்யும் கம்பளத்தைச் சுற்றிப் பத்துப் பேராவது நின்று கேள்வி கேட்டுக் குடைவார்கள். அவருடைய ஓவியத்தின் முன்னால் போன வருஷம் ஒரே ஒருவர்தான் வாய் திறந்தார். "டீ எந்தப் பக்கம் தர்றாங்க?" என்று கேட்டார்.

ஆகவே ஒரு சதி. உணவு அறையில் குளிர்காலத்துக்கென்று புருல்சா தன் கையால் குடலில் குதிரைக்கறி அடைத்துக் கட்டிய சுச்சுக்குகள் ஒன்பது தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கழற்றி அங்கிக்குள் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டு சகினாலியிடம் போனார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு, 'இந்த நீலத்தை எங்க புடிச்சீங்க'ன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

"கேட்டா?"

அங்கியைத் திறந்து காட்டினார்.

"அண்ணே, நீலம் மட்டும் போதுமா? பச்சையையும் கேக்கட்டா?"

"நீலம் போதும். உங்க அண்ணிகிட்ட மூச்சு விடக் கூடாது."

சகினாலி சொன்ன சொல் தவறாதவன். அண்ணியிடம் சொல்லவேயில்லை. தன் மனைவியிடம்தான் சொன்னான்.

ஞாயிறு பிற்பகல். நீல மலை, அதைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். இதுதான் ஓவியம். சகினாலி எழுந்து ஒரே மூச்சில் நீலத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தான். எசென்குல் எதிர்பாராதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ரொட்டிக்காரம்மா எழுந்தாள்.

"ஐயா, இதை எத்தனை நாள் மிதிச்சீங்க?"

ஓவியத்தையா? எசென்குல் ஒரு கணம் விழித்தார். ஆனால் தேடி வந்த கேள்வியைத் திருப்பி அனுப்புவதா?

"மனசுக்குள்ள மூணு வருஷம் மிதிச்சேன்மா!"

கைதட்டல்.

"ஓரம் தைக்க ஒட்டகமுடி நூலுங்களா?" என்றார் தபால்காரர்.

"வானத்துக்கு ஏதுங்க ஓரம்?"

மறுபடி கைதட்டல். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கேள்வி கேட்கும்போதே விக்கி அழுதாள். ஏழு கேள்விகள்! எட்டாவதாக, கடைசியில், புருல்சாவே எழுந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு ஏன் முகமே இல்ல?"

எசென்குல் அவளையே பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷமா அந்த முகத்தைப் பாக்கறேன். அதை வரையற அளவுக்கு இன்னும் கை வரல."

புருல்சா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

வீடு வரும்வரை எசென்குல் நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். ஊருக்கு, மலைக்கு, பெய்கிற பனிக்கு. "நல்ல நாள், ஒரு சுச்சுக் வேக வைப்போம்" என்று உணவு அறைக் கதவைத் திறந்தார்.

ஒன்பது கொக்கிகளும் கேள்விக்குறி மாதிரி வளைந்து காலியாகத் தொங்கின.

"எங்கடீ?"

"நீங்க ஒருத்தரைப் புடிச்சீங்க. உங்களை ஒத்தைக் கேள்வியோட நிக்க விட எனக்கு மனசு வரல. மத்த ஆறு பேரை நான் புடிச்சேன். எனக்குத் தெரிஞ்ச கேள்வியத்தானே சொல்லிக் குடுக்க முடியும்?"

"அந்தக் கிழவி அழுதுச்சே?"

"கேள்விக்கு ஒண்ணு, அழுகைக்கு ஒண்ணு."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. குளிர்காலச் சாப்பாட்டையே எனக்காக அள்ளிக் கொடுத்திருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகட்டும். கூலி வாங்காம நீ ஒரு கேள்வி கேட்டியே, எனக்கு அது போதும் புருல்சா."

அவள் மெல்லக் கையை விடுவித்து உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்ன ஒம்பதாவது கொக்கி எப்படிக் காலியாச்சாம்? கிளம்பறதுக்கு முன்னாடியே வேக வச்சுச் சாப்பிட்டுட்டேன்."