அண்ணாச்சி கொட்டாத மணல்

சிவகாசியிலிருந்து சாத்தூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், டெம்பரவரி அண்ணாச்சியைப் போல ஒரே கம்பெனியில் ஒன்பது தடவை வேலைக்குச் சேர்ந்த மனிதர் அகப்பட மாட்டார்.

மெட்ராசில் கார் செய்யும் கம்பெனி அது. ஆர்டர் குவிந்தால் தற்காலிக ஆட்களைச் சேர்க்கும். நிரந்தரம் கேட்கும் தகுதி வரப்போகிற வாரம் பார்த்துச் சீட்டைக் கிழித்துவிடும். அண்ணாச்சி சாத்தூரில் ரயிலை விட்டு இறங்குவார்.

"வந்துட்டீகளா அண்ணாச்சி?"

"வரலைலே, சும்மா எட்டிப் பாக்கேன்."

பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டதற்கு, "இன்னைக்கா, நாளைக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தவர்.

ஒன்பதாவது தடவை மட்டும் அந்த வாரம் தாண்டியும் சீட்டு கிழியவில்லை. லீவில் வந்தவர், தீபாவளி முடிந்து பட்டாசு ஆலையில் வேலையில்லாமல் கிடந்த என்னை, "வாலே, ஆள் எடுக்காக" என்று இழுத்துப் போனார். ரயிலில் என் காதோரம் சொன்னார்: "நிரந்தர லிஸ்ட்ல எம்பேரு இருக்குலே. வெள்ளிக்கிழமை கையெழுத்து." அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அப்போதுதான்.

முதல் நாள் என்னை வெல்டிங் பகுதியில் நிறுத்தினார்கள். முகமூடி போட்ட ஒருவர் கார்க் கதவின் மேல் குனிந்தார். சர்ரென்று பொறி பறந்தது. பட்டாசு ஆலையில் பொறி என்றால் அடுத்தது கூரை போகும். "ஓடுங்கய்யா!" என்று அலறினேன். பழகிய கை சும்மா இருக்குமா? சுவரில் தொங்கிய வாளி மணலை அவர் தலையிலும் புதுக் கதவிலும் கவிழ்த்துவிட்டு, ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

வெடிக்கவில்லை. அதிகாரிதான் வெடித்தார்.

"எவன்யா மணலைக் கொட்டினது? இப்பவே வெளியே போகணும்!"

முகமூடிக்காரருக்கு ஆள் தெரியவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்த அண்ணாச்சி பீப்பாயை ஒரு பார்வை பார்த்தார். காலி வாளியைக் கையில் எடுத்தார்.

"நாந்தான் சார்."

"நீயா? ஏழு வருஷமா இந்தப் பொறியிலதானேய்யா நிக்கிறே?"

"ஆமா சார். இன்னைக்குத்தான் பயம் வந்துச்சு."

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் கால்களோ அப்போதும் வெடிக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

சீட்டு கிழிந்து வெளியேறியவரைக் கேட்டுக்கு ஓடிப்போய்ப் பிடித்தேன். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை..."

"எனக்கு வெளிய போயி உள்ள வந்து பழக்கம்லே. நீ இப்பப் போனா திரும்ப வரவே மாட்டே. உள்ள போ. இங்கன பொறி சுடும், வெடிக்காது."

சங்கு ஊதியது. அவர் முதுகு தெருமுனையில் மறையும் வரை நான் உள்ளே போகவில்லை.