சோகை கொளுத்தாத தீப்பெட்டி

மணலூர்பேட்டைப் பக்கம் எங்கள் வேளாண்மைத் துறை சொன்னதை முழுசாக நம்பிய விவசாயி ஒரே ஒருவர்தான். ஊர் அவரைத் தீப்பெட்டி என்றே அழைத்தது. அவருடைய கரும்புக் கொல்லைக்கு யார் வந்தாலும் சட்டைப் பையைத் தடவுவார்; தீப்பெட்டி இருந்தால் பிடுங்கிக்கொள்வார். ஆய்வுக்குப் போன என் பையையும் தடவினார். நான் புகைப்பதில்லை என்றேன்.

"தெரியும் சார். ஆனா ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான."

என் பணிக்காலத்தில் அலுவலகத்துக்குள் நான் கேட்டிராத வாக்கியம்.

கரும்பு வெட்டியபின் கிடக்கும் காய்ந்த இலையை, அதாவது சோகையை, கொளுத்தக் கூடாது, தூளாக்கி மண்ணில் பரப்ப வேண்டும், பரப்பினால் மானியம் என்று உத்தரவு வந்தது. சோகைக்கு நடுவே விவசாயி நிற்கும் படத்தை, இருப்பிடக் குறியோடு செல்போனில் ஏற்ற வேண்டும். ஊரார் உத்தரவை மதித்தார்கள். முதலில் கொளுத்தினார்கள், பிறகு விண்ணப்பித்தார்கள்.

படத்துக்குச் சோகை வேண்டுமே. ஊரில் மிச்சம் இருந்தது தீப்பெட்டியின் கொல்லையில் மட்டும். வெளுத்த வேட்டியில் வரிசையாக வந்து, பத்தடிக்கு ஒருவராகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். கணினிக்கு அது ஆளுக்கொரு நிலம். தீப்பெட்டி அவர்கள் பையைத் தடவி உள்ளே விட்டார். வெயிலில் நிற்கிறார்களே என்று மோரும் கொடுத்தார்.

கடைசியில் அவர் விண்ணப்பித்தபோது, இந்த இடத்துக்கு ஏற்கெனவே மானியம் வழங்கப்பட்டது என்று கணினி தள்ளிவிட்டது.

அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "கொளுத்துனவனுக்கெல்லாம் மானியம், இந்த மனுசனுக்கு மட்டும் இல்லியா? அடுத்த வெட்டுக்கு நானே கொளுத்திடறேன் சார்."

வட்டாரத்தில் எரியாத ஒரே கொல்லையும் போய்விடும் போலிருந்தது. யாரும் நின்று படம் எடுக்காத இடம் ஒன்றைத் தேடித் தீப்பெட்டியோடு கொல்லை முழுக்க நடந்தேன். கிடைக்கவில்லை.

"கெணத்துல எறங்கி நிக்கட்டுமா சார்?"

கிணறு சாகுபடிப் பரப்பில் சேராது என்று விதியைச் சொன்னேன். மிச்சம் இருந்தது புகார்தான். "பேருங்கள எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் ரத்து பண்ணிடறேன்."

"வேணாங்க, பாவம். அவனுங்க சொந்தக் கொல்லையில நின்னு படம் எடுக்க இன்னா கீது? சாம்பல்தான?"

"அப்ப நீங்களும் கொளுத்திடுவீங்களா?"

"அத வூட்டுல பேசிக்கினு கீறோம் சார்."

அந்தப் பேச்சு முடிவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சோகை அப்படியே கிடக்கிறது. பயணப்படி கேட்காமல் நான் போய்வரும் ஊர் அது ஒன்றுதான்.