ஒடுங்கும் தோள்களுக்கு ஓர் ஆணையம்

டணார்!

ஆணைய மண்டபத்தில் வெண்கலச் சேகண்டி முழங்கியது. வரிசையில் நின்ற கீழ்க்கரையார் அத்தனை பேரும் தோள் ஒடுங்கிக் குறுகினார்கள். முத்தரசி மட்டும், அடித்தது யாரென்று திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அப்பா கொம்பையா கைகூப்பியபடி ஆணையத் தலைவரைப் பார்த்தார்.

நெடுங்கரை நாட்டின் சாசனம் நல்ல சாசனம். தலைமுறை தலைமுறையாக மிதிபட்ட கீழ்க்கரையாருக்கு மருத்துவக் கல்விச் சாலையில் இடம் உண்டு என்றது. உண்மையில் மிதிபட்டவர் யார் என்று கண்டறிய அரசர் ஆணையம் அமைத்தார். திடீர்ச் சத்தத்துக்கு எவர் உடல் ஒடுங்குகிறதோ அவரே மிதிபட்டவர் என்று ஆணையம் கண்டுபிடித்தது. ஜனங்கள் வீட்டிலேயே ஒடுங்கிப் பழகினார்கள். பழகி ஒடுங்குவது மோசடி என்று அடுத்த ஆணை வந்தது. அகப்பட்டவர்கள் கசையடி வாங்கினார்கள்.

"பெண் நிமிர்ந்து நிற்கிறாள். முன்னேறிவிட்டாள். ஆணையம் மனமாரப் பாராட்டுகிறது," என்றார் தலைவர் திருமேனிராயர். "இடம் கிடையாது."

"சாமி, படிப்புல மொத ஆளுங்க எம்மவ. மேக்கரைக் கெணத்துல இன்னும் எங்களத் தண்ணி மொள்ள விட மாட்டேங்கிறாங்க..."

"கிணறு வேறு ஆணையம். போகட்டும், இன்னொரு வாய்ப்புத் தருகிறோம். நடிப்பு மட்டும் கூடாது. நாங்கள் கருணையாளர்கள், ஏமாளிகள் அல்ல."

கொம்பையா மகளின் காதருகே குனிந்தார். "கண்ணு, ஒரே ஒரு தடவ குறுகிடும்மா."

"வரமாட்டேங்குதுப்பா. நீங்க பழக்கலியே."

உண்மைதான். அவளிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

சேகண்டிக்காரன் கையை ஓங்கினான். அதற்குள் கொம்பையா பாய்ந்து அவள் முகத்துக்கு நேரே கத்தினார்:

"ஏ கழுத! எங்க முன்னாலயே நிமிந்து நிக்கிறியா? குனிடி, நாயே!"

மேல்கரைப் பண்ணையார் அவரிடம் அன்றாடம் பேசும் அதே சொற்கள், அதே தொனி.

முத்தரசி துடித்துப்போனாள். தோள்கள் காதுவரை ஏறின. கைகள் தாமாகவே முகத்தை மூடின.

"அசல்! துளிக் கலப்படமில்லை!" திருமேனிராயர் மகிழ்ந்துபோய் முத்திரையைக் குத்தினார்.

சான்றிதழை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்ட கொம்பையாவால் மகளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மண்டபத்துப் படிகளில் அவள் சற்று விலகியே இறங்கினாள். கடைசிப் படியில் நின்றாள்.

"அப்பா, இந்தக் குரல இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?"